ஒஹாயோ வாக்குச்சீட்டில் ‘இஷ்யூ 1’ என்று வந்தால்: புதிய வாக்காளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அதிபர், ஆளுநர், செனட்டர் என்று சீட்டின் மேல்பகுதியில் வரும் பெயர்களுக்கு யாருக்கும் வழிகாட்டி தேவைப்படாது. டிவியும் யூடியூபும் மாதக்கணக்கில் விளம்பரம் போட்டு அந்தப் பெயர்களை மனப்பாடமாக்கி விட்டிருக்கும். சிக்கல் சீட்டைத் திருப்பும்போதுதான் ஆரம்பிக்கிறது. ‘இஷ்யூ 1’, ‘இஷ்யூ 2’ என்று தலைப்பு, அதன் கீழே பொடி எழுத்தில் நீளநீளமாகச் சட்ட வாசகம், கடைசியில் ‘ஆம்’, ‘இல்லை’ என இரண்டே வட்டங்கள். ஊரில் சின்னத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்திவிட்டு விரலில் மையோடு வெளியே வந்தவர்களுக்கு இது வேறு மாதிரியான வேலை. இங்கே வாக்காளர் கொஞ்ச நேரம் சட்டமன்ற உறுப்பினராகவும் இருக்க வேண்டியிருக்கிறது.

டப்ளின், மேசன் போன்ற புறநகர்களில் குடியுரிமை வாங்கி முதல்முறை வாக்களிக்கப் போகும் தமிழர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன். எல்லாம் ஒஹாயோவுக்கு மட்டும் பொருந்தும். பக்கத்தில் இருக்கும் இந்தியானாவில் மக்களே மனுப்போட்டு மாநில அளவில் ஒரு சட்டத்தை வாக்குச்சீட்டுக்குக் கொண்டுவரவே முடியாது. மிச்சிகனில் முடியும், ஆனால் விதிகள் வேறு.

படி 1: பதிவும் அடையாள அட்டையும்

தேர்தலுக்கு 30 நாள் முன்பே பதிவு முடிந்துவிடும். வாக்களிக்கும் அன்றே பதிவு செய்துகொள்ளும் வசதி இங்கே இல்லை. குடியுரிமை உறுதிமொழி எடுத்த பிறகுதான் பதிவு செய்ய வேண்டும். கிரீன் கார்டில் இருப்பவர்கள் பி.எம்.வி. அலுவலகத்தில் லைசென்ஸ் எடுக்கும்போது யாராவது “வாக்காளராகப் பதிவு செய்யட்டுமா?” என்று கேட்டால் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தெரியாமல் ‘ஆம்’ என்று கையெழுத்துப் போட்டாலும், குடியுரிமை இருப்பதாகப் பொய் சொன்ன கணக்கில் அது சேரும். பின்னால் குடியுரிமை விண்ணப்பமே கெட்டுப்போகலாம். உள்ளூர்த் தேர்தலிலாவது வாக்களிக்கலாமா என்றால் அதற்கும் வழியில்லை. 2022 நவம்பரில் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம் அந்தக் கதவையும் அடைத்துவிட்டது.

2023-இல் நடைமுறைக்கு வந்த ‘ஹவுஸ் பில் 458’ என்ற சட்டத்திலிருந்து புகைப்பட அடையாள அட்டை கட்டாயம். ஒஹாயோ டிரைவர் லைசென்ஸ், ஒஹாயோ ஸ்டேட் ஐடி, அமெரிக்க பாஸ்போர்ட் அல்லது பாஸ்போர்ட் கார்டு, ராணுவ அட்டை ஆகியவை செல்லும். கரண்ட் பில், பேங்க் ஸ்டேட்மென்ட் காட்டி வாக்களித்த காலம் போய்விட்டது. ஓ.சி.ஐ. அட்டை செல்லாது. லைசென்ஸில் பழைய முகவரி இருந்தால் கவலை இல்லை, வாக்காளர் பட்டியலில் புது முகவரி இருந்தால் போதும்.

நம்மவர்களுக்கு முக்கியமான ஒன்று இதே சட்டத்தில் இருக்கிறது. குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் லைசென்ஸில் அந்த விவரத்தை அச்சிடுகிறார்கள். கிரீன் கார்டில் இருந்தபோது எடுத்த லைசென்ஸையே குடியுரிமை வாங்கிய பிறகும் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிபவர்கள் நிறைய. அதை வாக்குச்சாவடியில் நீட்டினால் தேவையில்லாத தகராறு. பி.எம்.வி. கோப்பில் நீங்கள் இன்னும் வெளிநாட்டவராகவே இருந்தால், குடியுரிமையை உறுதிசெய்யச் சொல்லிக் கடிதம் வரவும் வாய்ப்பிருக்கிறது. உறுதிமொழி எடுத்த கையோடு பி.எம்.வி.க்குப் போய் மாற்றிவிடுங்கள். அதற்குள் தேர்தல் வந்துவிட்டால் அமெரிக்க பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள், முகவரி இல்லாவிட்டாலும் அது செல்லும்.

இயற்பெயர், குடும்பப் பெயர் என்று பிரித்துக் கேட்கும் படிவங்களில் அப்பா பெயரை எங்கே போட்டோம் என்பது நமக்கே மறந்துபோகும். வாக்காளர் பட்டியலில் பெயர் எப்படி இருக்கிறது என்று மாநிலத் தேர்தல்களைக் கவனிக்கும் அதிகாரியான செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்டின் இணையதளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: எப்படி வாக்களிப்பது என்று முடிவு செய்யுங்கள்

மூன்று வழிகள். பதிவுக்கான கடைசி நாளுக்கு மறுநாளே கவுண்டி தேர்தல் வாரியத்தில் முன்கூட்டி நேரில் வாக்களிக்கத் தொடங்கலாம். தேர்தலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையோடு அது முடியும். முந்தைய நாளான திங்கட்கிழமை கிடையாது, அதையும் 458 எடுத்துவிட்டது. இரண்டாவது, தேர்தல் நாளில் காலை 6:30 முதல் மாலை 7:30 வரை உங்கள் வாக்குச்சாவடியில். 7:30-க்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தால் போதும், எவ்வளவு நேரமானாலும் வாக்களிக்க விடுவார்கள்.

மூன்றாவது தபால் வாக்கு. காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லை. ஆனால் நீங்களாக விண்ணப்பம் போட்டால்தான் சீட்டு வீட்டுக்கு வரும். விண்ணப்பம் தேர்தலுக்கு ஏழு நாள் முன்பாவது வாரியத்தைச் சேர வேண்டும். கடைசி நாள்வரை காத்திருப்பதில் அர்த்தமில்லை, அன்று விண்ணப்பித்தால் சீட்டு போய் வருவதற்குள் தேர்தலே முடிந்துவிடும்.

நிரப்பிய சீட்டு எப்போது போய்ச் சேர வேண்டும் என்பதில்தான் பலர் பழைய விதியை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முன்பு தேர்தலுக்கு முந்தைய நாள் தபால் முத்திரை இருந்தால், சில நாள் தாமதமாக வந்தாலும் எண்ணுவார்கள். அந்தச் சலுகை முதலில் பத்து நாளாக இருந்து நாலு நாளாகச் சுருங்கியது. 2025 டிசம்பரில் ஆளுநர் டிவைன் கையெழுத்திட்ட சட்டம் அதையும் எடுத்துவிட்டது. ராணுவத்தினர், வெளிநாட்டில் இருப்பவர்கள் தவிர மற்றவர்களின் சீட்டு தேர்தல் நாள் மாலை 7:30-க்குள் வாரியத்தில் இருக்க வேண்டும். தபாலை நம்பாமல் வாரியத்தின் ட்ராப் பாக்ஸில் நேரில் போடுவது நல்லது.

சரி, வீட்டில் எல்லாருடைய உறைகளையும் ஒருவரே கொண்டுபோய்ப் போடலாமா? இங்கே கவனம் தேவை. யார் யாருடைய உறையைக் கொண்டுபோகலாம் என்று சட்டத்தில் உறவுமுறைப் பட்டியலே இருக்கிறது: கணவன் மனைவி, அப்பா அம்மா, மாமனார் மாமியார், தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர்கள், மகன் மகள், மாமா, சித்தி, அண்ணன் பிள்ளைகள், அக்கா பிள்ளைகள் என்று நீளுகிறது. மருமகளும் மருமகனும் அதில் இல்லை. பேரன் பேத்தியும் இல்லை. அதாவது மாமியார் மருமகளுடைய உறையைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம், மருமகள் மாமியாருடையதைச் சேர்க்கக் கூடாது. கூட்டுக் குடும்பமாக இருக்கும் நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது இதற்கு நேர் தலைகீழ். நண்பர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் பட்டியலுக்கு வெளியேதான், மீறினால் குற்றம். மாற்றுத்திறனாளி வாக்காளர்களுக்கு மட்டும் 2024-இல் ஒரு ஃபெடரல் நீதிமன்றம் இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. பட்டியலில் இருக்கும் உறவினராகவே இருந்தாலும் அடுத்தவர் உறையை ட்ராப் பாக்ஸில் போடாதீர்கள். அலுவலகத்துக்குள் போய், கேட்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

தபால் வாக்குக்கு விண்ணப்பித்துவிட்டு மனம் மாறி வாக்குச்சாவடிக்குப் போனால் ‘ப்ரொவிஷனல்’ என்ற தற்காலிகச் சீட்டுதான் கிடைக்கும். இரண்டு தடவை எண்ணப்படவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் அதைச் சேர்ப்பார்கள். அடையாள அட்டை இல்லாமல் போனாலும் அதே சீட்டுதான். நாலு நாளுக்குள் வாரியத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் எண்ணுவார்கள்.

படி 3: மாதிரிச் சீட்டை வீட்டிலேயே படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்வேன் என்பவர்கள் இதைச் செய்யுங்கள். உங்கள் கவுண்டி தேர்தல் வாரியத்தின் தளத்தில் முகவரியைக் கொடுத்தால் உங்களுக்கான மாதிரிச் சீட்டு கிடைக்கும். பக்கத்துத் தெரு நண்பருடைய சீட்டும் உங்களுடையதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பள்ளி மாவட்டம், நூலக வரி, நகராட்சி எல்லைக்கு ஏற்ப மாறும். வேட்பாளர் பெயர்களின் வரிசைகூடச் சாவடிக்குச் சாவடி சுழலும். முதலில் இருக்கும் பெயருக்குச் சும்மா விழும் வாக்குகள் ஒருவருக்கே போய்விடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

ஒரே வட்டத்தை நிரப்பிக் கட்சி மொத்தத்துக்கும் வாக்களிக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. 1949-இல் நடந்த ஒரு மாநில வாக்கெடுப்பிலேயே ஒஹாயோ அந்த முறையைக் கைவிட்டது. ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியாகத்தான் நிரப்ப வேண்டும். நீதிபதிகள் விஷயத்தில் ஒரு மாற்றம்: மாநில உச்ச நீதிமன்ற, மேல்முறையீட்டு நீதிமன்ற வேட்பாளர்களின் பெயருக்குப் பக்கத்தில் 2022-இலிருந்து கட்சிப் பெயரும் அச்சாகிறது. அதற்குக் கீழே இருக்கும் நீதிபதி பதவிகளுக்குப் பொதுத் தேர்தலில் கட்சிப் பெயர் இருக்காது. அவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் தேடத்தான் வேண்டும்.

கட்சிகளின் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரித் தேர்தலில் கட்சிச் சீட்டு எதுவும் வேண்டாம், இஷ்யூக்களுக்கு மட்டும் வாக்களிக்கிறேன் என்றும் சொல்லலாம். அதற்குத் தனிச் சீட்டு உண்டு. 17 வயதுப் பிள்ளைகள் நவம்பர் பொதுத் தேர்தலுக்குள் 18 முடிப்பார்கள் என்றால் பிரைமரியில் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அவர்களுக்கு இஷ்யூக்களில் வாக்கு கிடையாது.

படி 4: இஷ்யூ எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

வாக்கியங்களுக்குள் போகும் முன் தலைப்புக்குக் கீழே இருக்கும் முதல் இரண்டு வரிகளைப் படியுங்கள். இது அரசியலமைப்புத் திருத்தமா, சாதாரணச் சட்டமா, ஏற்கெனவே போட்ட சட்டத்தின் மீதான வாக்கெடுப்பா? கொண்டுவந்தது சட்டமன்றமா, கையெழுத்து வேட்டை நடத்திய மக்களா? பாதி விஷயம் அந்த இரண்டு வரியிலேயே தெரிந்துவிடும்.

இந்த ஏற்பாடு 1912-இல் வந்தது. ஹெர்பர்ட் பிக்லோ என்ற சின்சினாட்டி பாதிரியார் தலைமையில் கூடிய அரசியலமைப்பு மாநாடு 42 திருத்தங்களை மக்கள் முன் வைத்தது. அந்த செப்டம்பரில் 34 திருத்தங்கள் தேறின. மக்களே சட்டம் முன்மொழியும் உரிமை அவற்றில் ஒன்று. பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்கும் திருத்தம் அன்று தோற்றுப்போனது. மக்களிடம் கேட்டால் எப்போதும் முற்போக்காகத்தான் முடிவு வரும் என்று யாராவது சொன்னால் இதை நினைவுபடுத்தலாம்.

அரசியலமைப்புத் திருத்தத்துக்குக் கடைசி ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 10 சதவீதம் கையெழுத்து வேண்டும். 2022 தேர்தல் கணக்குப்படி அது நாலு லட்சத்துக்கு மேல். அதோடு 88 கவுண்டிகளில் குறைந்தது 44-இல், ஒவ்வொன்றிலும் 5 சதவீதம் தேற வேண்டும். அதற்கு முன்னால் ஆயிரம் கையெழுத்தோடு அட்டார்னி ஜெனரலிடம் போய், சுருக்கம் நேர்மையாக இருக்கிறது என்று ஒப்புதல் வாங்க வேண்டும். சட்டமன்றமே முன்மொழிந்தால் கையெழுத்து வேண்டாம், இரு அவைகளிலும் ஐந்தில் மூன்று பங்கு வாக்கு போதும்.

புதிய சட்டத்தை மக்கள் முன்மொழிந்தால் 3 சதவீதக் கையெழுத்தோடு முதலில் சட்டமன்றத்துக்குப் போகும். நாலு மாதத்தில் அவர்கள் நிறைவேற்றாவிட்டால் இன்னொரு 3 சதவீதம் திரட்டி மக்களிடம் கொண்டுவரலாம்.

‘ஆம்’ போட்டால் என்ன மாறும்?

எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான். பதில் இஷ்யூவைப் பொறுத்தது. திருத்தத்துக்கோ புதிய சட்டத்துக்கோ ‘ஆம்’ என்றால் மாற்றம் வரட்டும், ‘இல்லை’ என்றால் இப்போது இருப்பதே இருக்கட்டும். ஆனால் சட்டமன்றம் ஏற்கெனவே போட்ட சட்டத்தை எதிர்த்து மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்திருந்தால், ‘ஆம்’ அந்தச் சட்டத்தைக் காப்பாற்றும், ‘இல்லை’ அதை ஒழிக்கும்.

2011-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுநர் ஜான் கேசிக் காலத்தில் அரசு ஊழியர் சங்கங்களின் பேரம் பேசும் உரிமையைக் குறைக்கும் ‘செனட் பில் 5’ நிறைவேறியது. சங்கங்கள் கையெழுத்துத் திரட்டி அதை நவம்பரில் ‘இஷ்யூ 2’ ஆகக் கொண்டுவந்தன. கையெழுத்துப் போட்டுச் சட்டத்தை எதிர்த்தவர்களே வாக்குச்சாவடியில் ‘இல்லை’ போட வேண்டியிருந்தது. “நாங்கள் கேட்டுக் கொண்டுவந்ததற்கு நாங்களே ‘இல்லை’ போடுவதா?” என்று குழம்பியவர்கள் உண்டு. பிரசாரத்தின் பெரும்பகுதியே ‘இல்லை’ போடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதில் போனது. கடைசியில் 60 சதவீதத்துக்கும் மேல் ‘இல்லை’ விழுந்து சட்டம் செத்தது.

இன்னொரு குழப்பம் எண்களில். ஒவ்வொரு தேர்தலிலும் அதே எண்கள் திரும்பத் திரும்ப வரும். 2023 ஆகஸ்டு 8-இல் ஒரு ‘இஷ்யூ 1’ வந்தது: இனி அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேற 60 சதவீதம் வேண்டும், கையெழுத்து 88 கவுண்டிகளிலிருந்தும் வேண்டும் என்று. ஆகஸ்டுத் தேர்தலில் ஆட்கள் வருவதில்லை, செலவுதான் என்று சொல்லி அந்த வழக்கத்தைப் பெரும்பாலும் ஒழித்த அதே சட்டமன்றம், சில மாதங்களில் இதற்காகவே ஆகஸ்டில் ஒரு தேர்தலை வைத்தது. 57 சதவீதம் பேர் ‘இல்லை’ என்றார்கள். மூன்றே மாதத்தில், நவம்பர் 7-இல், வேறொரு ‘இஷ்யூ 1’: கருக்கலைப்பு உள்ளிட்ட இனப்பெருக்க உரிமைகளுக்கான திருத்தம். அதற்கு ஏறத்தாழ அதே 57 சதவீதம் ‘ஆம்’. ஆகஸ்டில் ‘இல்லை’ போட்ட பலருக்கும் நவம்பரில் ‘ஆம்’தான் சரியான வாக்கு. ஆகஸ்டில் வீட்டு வாசலில் நட்ட ‘இஷ்யூ 1 வேண்டாம்’ பலகையை அப்படியே விட்டிருந்தால் நவம்பரில் அது எதிர்ப் பிரசாரமாகியிருக்கும். அப்புறம் 2024 நவம்பரில் தொகுதி மறுவரையறைக்கு ஒரு ‘இஷ்யூ 1’, 2025 மே மாதம் சாலை, பாலம், குடிநீர்க் குழாய்களுக்குக் கடன்பத்திரம் வெளியிட ஒரு ‘இஷ்யூ 2’. வாட்ஸ்அப்பில் “இஷ்யூ 1-க்கு இப்படிப் போடுங்கள்” என்று ஏதாவது வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள்.

படி 5: வாசகத்தை எழுதியவர் யார் என்று கேளுங்கள்

சீட்டில் இருப்பது திருத்தத்தின் முழு வாசகமாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அது சுருக்கம்தான். அதை எழுதுவது ஒஹாயோ பேலட் போர்டு: ஐந்து பேர், தலைவர் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட். மனுப்போட்டவர்கள் எழுதிய வார்த்தைகளும் போர்டு எழுதும் வார்த்தைகளும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

2023 நவம்பரில் திருத்தத்தில் இருந்த ‘கரு’ என்ற சொல்லுக்குப் பதிலாக ‘பிறக்காத குழந்தை’ என்று போர்டு போட்டது. மாநில உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்தது. 2024-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி மோரீன் ஓ’கானர் முன்னின்று கொண்டுவந்த திருத்தம், அரசியல்வாதிகளிடமிருந்து தொகுதிப் பிரிப்பைப் பிடுங்கி 15 பேர் கொண்ட குடிமக்கள் ஆணையத்திடம் கொடுப்பதாகச் சொன்னது. கட்சிக்குச் சாதகமாகத் தொகுதியை வளைப்பதைத் தடுக்கவே இது என்றார்கள் கொண்டுவந்தவர்கள். சீட்டில் அச்சானதோ, அந்த ஆணையம் தொகுதிகளை அப்படி வளைத்தே ஆக வேண்டும் என்று இந்தத் திருத்தம் கட்டாயப்படுத்துகிறது என்ற பொருளில். வழக்கு நடந்து, சிறு மாற்றங்களோடு 4-3 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாசகத்தை விட்டுவிட்டது. ‘தொகுதி வளைப்பை நிறுத்துங்கள், ஆம் போடுங்கள்’ என்று ஒரு பலகை, ‘தொகுதி வளைப்பை நிறுத்துங்கள், இல்லை போடுங்கள்’ என்று அதே தெருவில் இன்னொரு பலகை. திருத்தம் சுமார் 54 சதவீத எதிர்ப்பில் தோற்றது. திருத்தம் நல்லதா கெட்டதா என்பதில் யாருக்கும் எந்தக் கருத்தும் இருக்கலாம். ஆனால் சாவடிக்குள் நின்று சீட்டை மட்டும் படித்து முடிவெடுத்தவர் ஒரு தரப்பு எழுதியதை மட்டுமே படித்தார் என்பதே என் எண்ணம்.

அதனால் வீட்டில் இருக்கும்போதே செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் தளத்தில் முழு வாசகத்தையும் எடுத்துப் பாருங்கள். ஆதரவு வாதம், எதிர்ப்பு வாதம் இரண்டும் தலா 300 வார்த்தைக்குள் அங்கேயே இருக்கும், செய்தித்தாளிலும் வரும். யார் பணம் செலவழிக்கிறார்கள் என்றும் பாருங்கள். 2015-இல் கஞ்சாவை அனுமதிக்கும் ‘இஷ்யூ 3’ வந்தபோது, பயிரிடும் உரிமை அந்தப் பிரசாரத்துக்குப் பணம் போட்டவர்களின் பத்து இடங்களுக்கு மட்டும் என்று முழு வாசகத்தில் இருந்தது. கஞ்சாவை ஆதரித்தவர்கள்கூட ஒதுங்கினார்கள், பெரிய வித்தியாசத்தில் தோற்றது. அதே சீட்டில் இப்படி அரசியலமைப்பில் ஏகபோகம் எழுதுவதைத் தடுக்கும் ‘இஷ்யூ 2’-வும் இருந்து, வென்றது. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு திருத்தங்களும் ஒரே நாளில் வென்றால் எது செல்லும் என்பதற்கு அரசியலமைப்பிலேயே பதில் இருக்கிறது: அதிக ‘ஆம்’ வாங்கியது.

படி 6: உள்ளூர் வரி இஷ்யூக்கள்

மாநில இஷ்யூக்களுக்குப் பிறகு பள்ளி, நூலகம், தீயணைப்பு, பூங்கா என்று ‘லெவி’க்கள் வரும். வீட்டு வரியோடு சேரும் தொகை இது. ‘மில்’ என்ற கணக்கைக் கண்டு பயப்பட வேண்டாம். வரிமதிப்பில் ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர் என்பது ஒரு மில். வீட்டின் மதிப்பில் 35 சதவீதம்தான் வரிமதிப்பு. ஆக 1,00,000 டாலர் மதிப்புக்கு ஒரு மில் என்றால் வருடத்துக்கு 35 டாலர்.

இப்போது சீட்டிலேயே ஒரு லட்சம் டாலர் மதிப்புக்கு எவ்வளவு என்று அச்சிடுகிறார்கள். பள்ளிக்கு 5 மில் லெவி, லட்சத்துக்கு 175 டாலர் என்று இருக்கிறது, உங்கள் வீட்டுக்கு கவுண்டி ஆடிட்டர் போட்ட மதிப்பு மூன்று லட்சம் என்றால், வருடத்துக்கு 525 டாலர். ஜில்லோவில் காட்டும் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், ஆடிட்டர் தளத்தில் இருக்கும் எண்தான் கணக்கு.

‘புதுப்பித்தல்’ என்று இருந்தால் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருப்பது தொடரும். ‘கூடுதல்’ என்று இருந்தால் புதுச் சுமை. ‘புதுப்பித்தலும் உயர்வும்’ என்றால் பழையதும் உண்டு, மேலே கொஞ்சமும் உண்டு. ‘நிரந்தரக் காலம்’ என்று போட்டிருந்தால் அது திரும்பவும் உங்களிடம் வராது. வாடகை வீட்டில் இருப்பவர்களும் இதற்கு வாக்களிக்கலாம், வாடகையில் எப்படியும் அது வந்து சேரும்.

படி 7: நிரப்புவது

கறுப்பு அல்லது நீலப் பேனாவால் வட்டத்தை முழுசாக நிரப்புங்கள். டிக், பெருக்கல் குறி வேண்டாம். எல்லாவற்றுக்கும் வாக்களித்தே ஆக வேண்டும் என்று இல்லை. தெரியாத பதவியைக் காலியாக விட்டால் மற்ற வாக்குகள் கெடாது. இஷ்யூவைக் காலியாக விட்டால் அது ‘இல்லை’ என்று கணக்காகுமா? ஆகாது. அந்த இஷ்யூவில் விழுந்த வாக்குகளில் பாதிக்கு மேல் ‘ஆம்’ வந்தால் வென்றது, அவ்வளவுதான். ‘மூன்று பேருக்கு மிகாமல்’ என்று இருக்கும் பள்ளி வாரியத்துக்கு ஒருவருக்கு மட்டும் போட்டாலும் செல்லும். நாலு பேருக்குப் போட்டால் அந்தப் பதவிக்கான வாக்கு மட்டும் செல்லாது. பட்டியலில் இல்லாத பெயரை எழுதினால், முன்கூட்டியே அதற்காகப் பதிவு செய்த வேட்பாளராக இருந்தால் மட்டுமே எண்ணுவார்கள். மிக்கி மவுஸ் என்று எழுதுவது பேனா மைக்குத்தான் நஷ்டம்.

தப்பாக நிரப்பிவிட்டால் அடிக்காதீர்கள். சாவடியில் சீட்டைத் திருப்பிக் கொடுத்தால் புதியது தருவார்கள். மொத்தம் மூன்று சீட்டுவரை வாங்கலாம்.

வீட்டில் எழுதிய குறிப்பைச் சாவடிக்குள் கொண்டுபோகலாம். வேட்பாளர் பெயர் போட்ட டி-ஷர்ட், தொப்பி வேண்டாம். வாசலிலிருந்து 100 அடியில் நட்டிருக்கும் சின்னக் கொடிகளுக்கு உள்ளே பிரசாரம் கூடாது.

அம்மாவுக்கோ மாமியாருக்கோ ஆங்கிலம் படிக்க வராதா? ஃபெடரல் சட்டப்படி அவர் விரும்பும் ஒருவரை உதவிக்கு உள்ளே அழைத்துப் போகலாம். அவருடைய முதலாளியோ தொழிற்சங்கப் பிரதிநிதியோ ஆக இருக்கக் கூடாது, சீட்டில் பெயர் உள்ள வேட்பாளரும் கூடாது. மேலே உறையைத் தொடக் கூடாது என்று சொன்ன அதே மருமகள் இங்கே பக்கத்தில் நின்று வரிவரியாகத் தமிழில் சொல்லலாம். எதற்குப் போடுவது என்று முடிவு செய்ய வேண்டியது மட்டும் அத்தை.

தபால் வாக்கு என்றால் உள் உறையில் பெயர், முகவரி, பிறந்த தேதி, கையெழுத்து, கூடவே லைசென்ஸ் எண் அல்லது சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நாலு இலக்கம். கையெழுத்து பதிவின்போது போட்டதைப் போல இருக்கட்டும். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று இரண்டு கையெழுத்து வைத்திருப்பவர்கள் எதைப் போட்டோம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். குறை இருந்தால் வாரியம் தகவல் அனுப்பும், தேர்தல் முடிந்து நாலு நாள்வரை சரிசெய்யலாம். சீட்டு வந்து சேர்ந்ததா என்று இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

வென்ற இஷ்யூவைச் சட்டமன்றம் மாற்ற முடியுமா?

அரசியலமைப்புத் திருத்தம் என்றால், திரும்ப மக்களிடம் வராமல் முடியாது. மக்கள் கொண்டுவந்த சாதாரணச் சட்டம் என்றால் முடியும். 2023 நவம்பரில் கஞ்சாவை அனுமதித்த ‘இஷ்யூ 2’ 57 சதவீத ஆதரவோடு வென்றது. ஆனால் அது சட்டம், திருத்தம் அல்ல. 2025 டிசம்பருக்குள் சட்டமன்றம் அதில் பல இடங்களில் கைவைத்துவிட்டது. “நாங்கள் வாக்களித்ததை இவர்கள் எப்படி மாற்றலாம்?” என்று கோபப்பட்டவர்களுக்கு இதுதான் விடை. படி 4-இல் சொன்ன முதல் இரண்டு வரிகளை ஏன் படிக்கச் சொன்னேன் என்பதும் இதற்காகத்தான்.

அப்படி மாற்றிப் போடும் சட்டத்தை எதிர்த்து 90 நாளுக்குள் 6 சதவீதக் கையெழுத்துத் திரட்டினால் அதையும் வாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம். மளிகைக் கடை வாசலில் கிளிப்போர்டோடு நிற்பவர்கள் திரட்டுவது இந்த மாதிரிக் கையெழுத்தைத்தான். நீட்டினால் உடனே போடாமல் மேலே ஒட்டியிருக்கும் சுருக்கத்தைப் படியுங்கள், நின்று படிக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒவ்வொரு தாளும் ஒரே கவுண்டிக்கானது. நீங்கள் டெலவேர் கவுண்டியில் பதிவானவர், தாள் ஃபிராங்ளின் கவுண்டிக்கு என்றால் உங்கள் கவுண்டித் தாளைக் கேட்டு வாங்குங்கள். வாக்காளர் பட்டியலில் இருக்கும் முகவரியையே பேனாவால் எழுதுங்கள். உங்கள் பெயரை மட்டும் போடுங்கள், வீட்டில் இருப்பவருக்காக நீங்கள் போடக் கூடாது.